திருநள்ளாற்றில் விட்ட கால்சட்டை

வெளியூர் போனால் மற்றவர்கள் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். நான் குப்பைத்தொட்டியைக் குனிந்து பார்ப்பேன். தொழில் அப்படி. சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையில் தாதியாக இருக்கிறேன். ஊசி, பஞ்சு, ரத்தம் பட்ட துணி எதெது எந்தப் பெட்டியில் விழவேண்டும் என்று மற்றவர்களை விரட்டுவதுதான் இப்போது என் முக்கிய வேலை. ஊசி போடும் பெட்டி மஞ்சள் என்பதால் வார்டில் எனக்கு ‘மஞ்சள் பெட்டி’ என்று பட்டப்பெயர். அது எனக்குத் தெரியாது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

என் கணவர் தியாகராஜனுக்கு ஏழரைச் சனி. வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள், மழையில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டார், சர்க்கரை ஏறி மாத்திரையிலிருந்து இன்சுலின் ஊசிக்கு வந்துவிட்டார். இதில் சனி பகவானுக்கு எவ்வளவு பங்கு, கோப்பிக்கடைத் தேநீருக்கு எவ்வளவு பங்கு என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் சிரித்துப் பேசும் மனிதர் சிரிப்பதையே விட்டுவிட்டார். திருநள்ளாற்றுக் குளத்தில் ஒரு முழுக்குப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் சொன்னபோது மறுத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. அப்படித்தான் காரைக்கால் வந்து சேர்ந்தோம்.

வந்த நிமிடத்திலிருந்தே எனக்கு ஊர் பிடித்துப்போயிற்று. நாலு பக்கமும் தமிழ்நாடும் கடலும் இருக்க, நடுவில் நான் வேறு என்று உட்கார்ந்திருக்கும் ஊர். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் என்பதால் பஞ்சாயத்துக்குக் கொம்யூன் என்று பெயர். போலீஸ்காரர் தலையில் சிவப்புத் தொப்பி. எல்லையைத் தாண்டியதும் சாராயக்கடைகள் வரிசை கட்டி நின்றன. அரசலாற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் விடுதி. முதல் நாள் சாப்பாட்டில், கோயிலுக்கு வந்தவர் என்பதால் அவருக்குத் தயிர்ச்சோறு. தோஷம் எனக்கில்லை என்பதால் எனக்கு வாவல் மீன் வறுவல். சிங்கப்பூர் ஈரச்சந்தையில் ஐஸில் கிடந்து விறைத்த வாவலையே தின்று பழகிய நாக்குக்கு இது வேறு மீனாகத் தெரிந்தது. அவர் என் தட்டைப் பார்த்தார். நான் ஆற்றைப் பார்த்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. திருநள்ளாறு போகும் வழியில் ஒரு சிற்றுண்டிக் கடையில் பொங்கலும் வடையும். சாப்பிடுவதற்கு முன்னால் அவர் காரிலேயே உட்கார்ந்து ஊசி போட்டுக்கொண்டு வந்தார். பேனா மாதிரி இருக்கும் இன்சுலின் ஊசி அது. நுனியில் திருகுகிற குட்டி ஊசியை மட்டும் ஒவ்வொரு முறையும் கழற்றிப் போடவேண்டும். எங்கள் வீட்டில் அதற்குத் துணி சோப்புத் திரவத்தின் காலி டப்பா இருக்கிறது. ஊசியைச் சும்மா குப்பையில் போடுகிறவர் என் வீட்டில் குடியிருக்க முடியாது, அது கணவரே ஆனாலும். பயணத்துக்கென்று கெட்டியான ஒரு பிளாஸ்டிக் போத்தலும் கொண்டுவந்திருந்தேன். அதை நாங்கள் விடுதி அறையிலேயே மறந்துவிட்டு வந்தது எனக்கு அப்போது நினைவில்லை.

நளன் குளத்தைப் பற்றி நிறையக் கேட்டிருந்தேன். ஆனால் யாரும் என்னிடம் துணியைப் பற்றிச் சொல்லவில்லை. உடம்பில் நல்லெண்ணெய் தேய்த்துக் குளத்தில் முழுகி, உடுத்தியிருந்த துணியை அங்கேயே விட்டுவிட்டு, வேறு துணி மாற்றிக்கொண்டு கோயிலுக்குப் போகவேண்டும். பிடித்திருந்த பீடை துணியோடு போயிற்று என்று அர்த்தம். தண்ணீருக்குள் போடாதீர்கள், தொட்டியில் போடுங்கள் என்று பலகை வைத்திருந்தார்கள். தொட்டி நிரம்பி வழிந்தது. ஜீன்ஸ், வேட்டி, பள்ளிச் சீருடை, சரிகை போட்ட சேலை. படியோரம் ஆட்கள் நீளக் கொக்கிக் கழியால் தண்ணீருக்குள்ளிருந்து சட்டைகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இப்படி ஒரு துணிமலையை நான் பார்த்ததே இல்லை. எத்தனை ஊர்களின் கஷ்டம் ஈரமாகக் குவிந்து கிடக்கிறது என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. எல்லாரும் கோபுரத்தைப் படம் எடுக்க, நான் தொட்டியைப் படம் எடுத்தேன்.

என் கணவர் முழுகி எழுந்து, கால்சட்டையையும் சட்டையையும் தொட்டியில் போட்டுவிட்டு, வேட்டியில் வந்தார்.

“திரும்பிப் பாக்காம நேரா போங்க சார். விட்டது விட்டதுதான்,” என்றார் படியில் நின்ற ஒருவர்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நான் நன்றாகத் திரும்பிப் பார்த்தேன். ஒரு குட்டி லோரியில் துணிமூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சனீஸ்வரனைக் கும்பிட்டுவிட்டு வேறு யார் வீட்டுக்கும் போகக்கூடாது, நேராக நம் வீட்டுக்குத்தான் போகவேண்டுமாம். வீடு கடல் தாண்டி இருக்கிறவர்களுக்கு என்ன விதி என்று கேட்டதற்கு யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை. அன்று அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. ராத்திரி நன்றாகத் தூங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஊசி போட்டுக்கொண்டவர் முன்னால் போத்தலை நீட்டினேன். உள்ளே எட்டிப் பார்த்தால் எண்ணிக்கையில் ஓர் ஊசி குறைந்தது.

“நேத்து ஊசி எங்க?”

“பத்திரமாத்தான் வெச்சேன். போத்தல் ரூம்ல இருந்துச்சுல்ல, அதான் டிஷ்யூவுல சுத்தி, உள்பையில...” என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார்.

“எந்த உள்பையில?”

அவர் கை இடுப்பைத் தடவிப் பார்த்தது. அந்த உள்பை நான் தைத்தது. பயணத்தில் பணம், பாஸ்போர்ட் வைக்க என்று கால்சட்டையின் இடுப்புப் பட்டைக்கு உள்ளே, என் பழைய பூப்போட்ட நைட்டியைக் கிழித்துத் தைத்துக் கொடுத்திருந்தேன். குளத்துக்குப் போகுமுன் பாஸ்போர்ட்டையும் பணத்தையும் எடுத்து என்னிடம் தந்துவிட்டார். ஊசியை மறந்துவிட்டார். ஊசியைக் குப்பையில் போடாதே என்ற என் சட்டத்தையும், துணியைக் குளத்தில் விடு என்ற ஊர் வழக்கத்தையும் ஒன்றுவிடாமல் கடைப்பிடித்து, மனிதர் ஒரு மூட்டைக்குள் ஊசியை ஒளித்துவைத்து அனுப்பியிருக்கிறார்.

செருப்பைத் தேடிக் காலில் மாட்டினேன். அந்தத் துணியை யாரோ பிரிப்பார்கள். பிரிக்கிறவர்கள் பையில் கை விடாமல் இருப்பார்களா? எங்கள் வார்டில் ஒரு பெண்ணுக்கு இப்படித்தான் குப்பைப் பையிலிருந்து ஊசி குத்தியது. யாருடைய ஊசி என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லாப் பரிசோதனையும் முடிந்து ஒன்றுமில்லை என்று சொல்லும்வரை, மாதக்கணக்கில், அவள் வீட்டில் தனித்தட்டில் சாப்பிட்டாள். குழந்தைகளைத் தொடவில்லை. அந்த முகம் எனக்கு மறக்காது.

“கிளம்புங்க, தேடலாம்,” என்றேன்.

“நான் வரல. விட்டதத் தேடிப் போனா அது கூடவே வந்துடும். இவ்ளோ தூரம் வந்ததே அத விடத்தான்.” அவர் குரலில் கோபமில்லை, பயம் இருந்தது. கடந்த சில வருடங்களாக அவர் பட்ட பாட்டை அறிந்தவள் என்பதால் நான் வாதாடவில்லை. கீழே இறங்கி ஓர் ஆட்டோவைக் கைகாட்டினேன்.

ஆட்டோக்காரர் பெயர் முருகையன். வரிச்சிக்குடிக்காரர். திருநள்ளாற்றில் விட்ட துணி எங்கே போகும் என்று கேட்டதும் கண்ணாடியில் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“அத ஏங்க்கா தேடுறீங்க? மோதிரம் கீதிரம் வெச்சு விட்டுட்டாங்களா?”

விஷயத்தைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. “பட்டினத்துல ஜமால் பாய் எடுக்குறாருங்க. அங்கதான் பிரிப்பாங்க. எங்க ஊரு பொம்பளைங்க ரெண்டு மூணு பேரு அங்க வேலைக்குப் போவுது,” என்று சொல்லிக்கொண்டே வண்டியைத் தெற்கே திருப்பினார்.

திருமலைராயன்பட்டினம் நெருங்கும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. துறைமுகத்திலிருந்து நிலக்கரி ஏற்றிய சரக்கு ரயில், ஆடி அசைந்து, முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. சிங்கப்பூரில் ரயில் ஒரு நிமிடம் தாமதித்தால் மன்னிப்புக் கேட்டு அறிவிப்பு வரும். இங்கே முருகையன் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கிக் கைகால் நீட்டினார். பதற்றத்தில் எனக்குப் பசிக்கும், அது என் பிறவிக் குணம். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு தள்ளுவண்டியில் வாடா போட்டுக்கொண்டிருந்தார்கள். அரிசிமாவைத் தட்டி, நடுவில் வெங்காயப் பூரணம் வைத்து, மேலே ஒரு முழு இறாலைப் பதித்துப் பொரிக்கிறார்கள். நாக்கு சுட்டது. ஒரு கண் கடைசிப் பெட்டி வருகிறதா என்று பார்க்க, வாய் தன்பாட்டுக்கு வேலை செய்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு கவலையிலும் அந்த இறால் எனக்கு மகிழ்ச்சியைத் தந்தது.

ஜமால் பாயின் கொட்டகை தகரக் கூரை போட்ட நீளமான இடம். உள்ளே நுழைந்ததும் வாயடைத்துப் போனேன். எங்கள் அடுக்குமாடி வீட்டில் சமையலறைச் சுவரில் ஒரு சின்னக் கதவு இருக்கிறது. அதைத் திறந்து குப்பையைப் போட்டால் குழாய் வழியாக விழுந்து காணாமல் போய்விடும். யார் எடுக்கிறார்கள் என்று நான் எட்டிப் பார்த்ததே இல்லை. இங்கே அந்தக் குழாயின் அடுத்த முனையில் நிற்கிற மாதிரி இருந்தது. காய்ந்த துணியைப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பிரிக்கிறார்கள். ஜிப் ஒரு சாக்கு, பித்தான் ஒரு சாக்கு. நல்ல துணி வாரச்சந்தைக்கு. கிழிந்த பருத்தியைச் சதுரமாக வெட்டி, படகு எஞ்சின் துடைக்கிறவர்களுக்கும் மோட்டார் பட்டறைகளுக்கும். என் ஆர்வத்தைப் பார்த்து முருகையனே கேட்டார்: “அக்கா, நாம ஊசி தேடத்தானே வந்தோம்?”

ஜமால் பாய் வெள்ளைக் கைலி கட்டிய, நிதானமான மனிதர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு உட்காரச் சொன்னார். “சனி விட்ட துணிய நீங்க தொடுறீங்களேன்னு எங்கிட்ட கேக்காத ஆளு இல்லம்மா. நமக்குத் துணி துணிதான். ஆனா ஊசி ஊசிதானே,” என்றார். பிறகு பெண்களிடம் திரும்பி, நேற்று வந்த மூட்டையில் பூப்போட்ட உள்பை வைத்த பேண்ட் ஒன்று வந்ததா என்று கேட்டார்.

யாரும் யோசிக்கவே இல்லை. ஒரு பெண் எழுந்து, ஓரத்தில் கிடந்த குவியலிலிருந்து அதை உருவி எடுத்து வந்தாள். ஜிப் ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்தது. என் நைட்டித் துணி வெளியே பிதுங்கித் தொங்கியது. அதன் மேல், அச்சடித்த ஒரு மஞ்சள் பூவுக்குப் பக்கத்தில், சின்னதாக ஒரு ரத்தப் பொட்டு.

“நேத்து சாயங்காலம் மல்லிகாதான் பிரிச்சுச்சு,” என்றாள் அந்தப் பெண். “உள்ள தனியா பை தெச்சிருந்தா காசு இருக்கும்னு கைய உடுறதுதானுங்க. சுருக்குன்னு குத்திருச்சுன்னுச்சு. வெரல்ல துணியக் கட்டிக்கிட்டு அப்பவே கெளம்பிப் போயிருச்சு. இன்னிக்கு வரல, வயித்துவலின்னு சொல்லி உட்டுருக்கு.”

பையிலிருந்து கிடைப்பதைப் போடுகிற பெயிண்ட் டப்பா ஒன்று இருந்தது. சீப்பு, சாவி, சிகரெட் லைட்டர், மடித்த ஜாதகக் கட்டம், மாத்திரைப் பட்டை, கைக்கடிகார பேட்டரி. அதற்குள், சிற்றுண்டிக் கடை டிஷ்யூவில் பாதி சுற்றியபடி, பச்சை நிற அடிப்பாகம் வைத்த குட்டி ஊசி. அதை ஒரு குச்சியால் தள்ளிப் போத்தலில் போட்டு மூடினேன். சந்தேகத்துக்கு இடமில்லை. அது எங்கள் வீட்டு ஊசிதான்.

“மல்லிகா வரிச்சிக்குடிதாங்க, எங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி,” என்றார் முருகையன்.

வெளியே வந்து கணவருக்குப் போன் செய்தேன். கிடைத்துவிட்டதா என்றுகூட அவர் கேட்கவில்லை.

“யாருக்காவது குத்திருச்சா?”

“ஆமா. ஒரு பொண்ணுக்கு. உங்க ரத்தத்தப் பரிசோதிச்சுக் காட்டுனாத்தான் அந்தப் பொண்ணுக்குப் பயம் போகும்.”

போனில் அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு, “கீழ வந்து நிக்கிறேன்,” என்றார்.

விடுதி வாசலில் சட்டை இன் பண்ணி, தலைசீவி, நேர்முகத்தேர்வுக்குப் போகிறவர் போல நின்றுகொண்டிருந்தார். ஆட்டோவின் இருக்கையில் அந்தக் கால்சட்டையைப் பையில் போட்டு வைத்திருந்தேன். அதைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கினார். பிறகு அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“சனி பகவானையும் சேத்து மூணு பேருக்கு எடம் தாராளமா இருக்கு சார். அவருக்குத் தனியா சார்ஜ் கெடையாது,” என்றார் முருகையன்.

என் கணவர் சிரித்தார். சும்மா உதட்டைப் பிரித்த சிரிப்பில்லை, தோள் குலுங்குகிற அவருடைய பழைய சிரிப்பு. அதைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று. எனக்கு அங்கேயே அழுகை வந்தது. வெளியே பார்த்துக்கொண்டேன்.

வரிச்சிக்குடி சாலையில் இன்னொரு சங்கடம். அறுத்த உளுந்துச் செடியைச் சாலை நெடுகப் பரப்பியிருந்தார்கள். போகிற வருகிற வண்டிகள் மிதித்தே உளுந்து உதிர்ந்துவிடும், தனியாக அடிக்க வேண்டாம். எவ்வளவு நல்ல யோசனை என்று நான் வியந்து வாய் மூடுவதற்குள், செடிக்கொடி பின்சக்கர அச்சில் சுற்றிக்கொண்டு ஆட்டோ நின்றுவிட்டது. முருகையன் அடியில் படுத்துக்கொண்டு பிடுங்க ஆரம்பித்தார். “நீங்க நடங்க, அந்தா அந்த ரெண்டாவது சந்து. வண்டியச் சரிபண்ணி எடுத்தாறேன்,” என்று அடியிலிருந்தே குரல் வந்தது.

சந்தில் திரும்பியதுமே குழந்தையின் அழுகை கேட்டது. நான் பிரசவ வார்டிலும் வேலை செய்தவள். பசியில் அழுது, அழுது, தொண்டை கட்டிப்போன பிறகும் விடாமல் வருகிற அழுகை அது. அந்தச் சத்தம் வந்த வீடுதான் மல்லிகாவின் வீடு.

வாசலில் அவளுடைய மாமியார் குழந்தையை மடியில் கிடத்திச் சங்கால் பவுடர் பால் புகட்டிக்கொண்டிருந்தார். குழந்தை துப்பிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. “வாங்க, யாருங்க?” என்றவர், நான் தாதி என்று சொன்னதும் கொட்டித் தீர்த்துவிட்டார். “நீங்களே கேளுங்கம்மா. நேத்து சாயங்காலத்துலேர்ந்து புள்ளையத் தூக்க மாட்டேங்குறா. பால் கட்டிக்கிட்டு அவளும் துடிக்கிறா, இதுவும் துடிக்குது. என்னன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்குறா.”

மல்லிகா உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சின்னப் பெண். சேலை மாராப்பு நனைந்திருந்தது. வலது கை ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது. எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது: ஊசியிலிருந்து ஏதாவது நோய் தொற்றியிருந்தால் பால் வழியாகப் பிள்ளைக்கும் போய்விடும் என்று பயம். பக்கத்தில் உட்கார்ந்து, ஜமால் பாய் கொட்டகையிலிருந்து வருகிறோம் என்றேன்.

“பாய்கிட்ட சொல்லிடாதீங்க,” என்றாள் சட்டென்று. “என்ன சீக்கோன்னு வேலைக்கு வேணாம்னுடுவாங்க.”

“அந்த ஊசி என்னோடதும்மா.”

சொன்னது நானல்ல. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு என் கணவர் நின்றார். “எனக்குச் சர்க்கரை. அதுக்குப் போட்டுக்கிட்டது. மறந்துபோய் பேண்ட்லயே விட்டுட்டேன். எனக்கு வேற ஒண்ணும் இல்லம்மா. ஆனா என் வார்த்தைய நீ நம்ப வேணாம். ஆஸ்பத்திரிக்கு வா. உன் கண்ணு முன்னாலயே என் ரத்தத்த எடுக்கட்டும்.”

மல்லிகா அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். “முன்னாடியும் ரெண்டு தடவ குத்திருக்கு,” என்றாள் மெதுவாக. “அப்பல்லாம் இவன் பொறக்கல, பெருசா நெனைக்கல. பிரசவத்துக்கு எடுத்த ரத்த டெஸ்ட்டுலயும் ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. ஊசிக்குச் சொந்தக்காரங்க தேடிக்கிட்டு வருவாங்கன்னு எனக்குத் தெரியாதுங்க.” அப்புறம்தான் அழுதாள். மாமியாருக்கு அப்போதுதான் விஷயமே தெரிந்தது. அவர் மருமகளைத் திட்டவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, “எந்திரி, போவலாம்,” என்றார்.

உளுந்துச் செடியெல்லாம் பிடுங்கி முருகையன் வண்டியோடு வந்து நின்றார். எத்தனை பேர் ஏறினோம் என்று எந்தப் போலீஸ்காரரும் பார்க்காமல் இருக்கவேண்டுமே என்று வேண்டிக்கொண்டேன். பாலத்தடியில் சிவப்புத் தொப்பிக்காரர் ஒருவர் பார்த்தார். அழுகிற குழந்தையையும் பார்த்தார். கையை ஆட்டிப் போகச் சொன்னார்.

அரசு ஆஸ்பத்திரியில் பணியில் இருந்தவர் ஓர் இளம் பெண் டாக்டர். நான் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் கேட்டுக்கொண்டே மல்லிகாவின் விரலை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார், ரணஜன்னி வராமலிருக்க டிடி ஊசி போடச் சொன்னார். பிறகு என் கணவரைப் பார்த்தார்.

“ஊசிய விட்டவரு இவரா? நேர்லயே கூட்டிட்டு வந்துட்டீங்களா?” என்று கேட்டார். இப்படி ஓர் ஆளை அவர் எதிர்பார்க்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

மல்லிகா பார்க்க, என் கணவர் சட்டைக்கையை மடித்து நீட்டினார். ரத்தம் எடுத்த ஊசியைச் செவிலியர் வெள்ளைப் பெட்டியில் போட்டார். எங்கள் ஊரில் மஞ்சள், இங்கே வெள்ளை. எடுத்த கையோடு, மூடியைத் திருப்பிப் போடாமல், நேராகப் பெட்டியில். எனக்கு அந்தச் செவிலியரைக் கட்டிக்கொள்ளவேண்டும் போல இருந்தது. கையோடு என் போத்தலையும் நீட்டினேன். அதையும் வாங்கிக்கொண்டார்கள்.

பிறகு காத்திருப்பு. என் கணவரை எனக்குத் தெரியும், வருடா வருடம் அவருக்குப் பரிசோதனை நடக்கிறது, ஒன்றும் இருக்காது என்றும் தெரியும். தெரிந்தும் டாக்டர் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தை கத்தி ஓய்ந்து, விசும்பி, மறுபடி கத்தியது. மாமியார் நடைபாதையில் தூக்கிக்கொண்டு நடந்தார். குழந்தை அழும்போதெல்லாம் மல்லிகாவின் மார்பில் ஈரம் பரவியது. அவள் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், தானாக நீண்டுவிடுமோ என்பதுபோல. என் கணவர் எதிர் பெஞ்சில், அந்தக் கால்சட்டைப் பையை மடியில் வைத்தபடி.

இடையில் ஜமால் பாயின் போன், முருகையன் வழியாக. வேலையைப் பற்றி அந்தப் பெண் கவலைப்பட வேண்டாம், தொழுகையில் துஆ செய்கிறேன் என்று சொல்லிவிட்டு, என்னிடம் பேசவேண்டும் என்றாராம். “இனிமே பைக்குள்ள கைய உடக்கூடாதுன்னு சொல்லிட்டேம்மா. வெளிப்பக்கமா கத்திரியால வெட்டித் தட்டுல உதறணும். சரிதானே?” என்றார். நூற்றுக்கு நூறு சரி என்றேன். என் வார்டில் இதே மாதிரி ஒரு விதியைக் கொண்டுவர நான் எத்தனை கூட்டம் போடவேண்டியிருந்தது. பாய் ஒரு வாடா வேகும் நேரத்தில் கொண்டுவந்துவிட்டார்.

டாக்டர் வெளியே வந்தார். என்னைப் பார்க்கவில்லை, என் கணவரையும் பார்க்கவில்லை. நேராக மல்லிகாவுக்கு முன்னால் போய்க் குனிந்தார்.

“அவரு ரத்தத்துல எதுவும் இல்லம்மா. எச்ஐவி, ரெண்டு வக மஞ்சக்காமாலை, மூணு டெஸ்ட்டும் பாத்தாச்சு. அவருக்கு இல்லாதது உனக்கு வராது. புள்ளைக்குப் பால் குடு.”

மல்லிகாவுக்கு விளங்கவில்லை போலிருந்தது. “இப்பவேவா?” என்று கேட்டாள்.

“இப்பவேதான்.”

மாமியார் குழந்தையைக் கொண்டுவந்து மடியில் போட்டார். மல்லிகா மாராப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். என் கணவர் சட்டென்று எழுந்து, முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். குழந்தை கடைசியாக ஒருமுறை வீறிட்டது. அப்புறம் அந்த நடைபாதை முழுக்க அமைதி. இவ்வளவு நேரம் எவ்வளவு சத்தத்தில் இருந்தோம் என்று அப்போதுதான் தெரிந்தது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தபடியே கேட்டார்:

“குடிக்கிறானாம்மா?”

“குடிக்கிறான்ப்பா,” என்றாள் மல்லிகா.